சாக்ஸபோனில் ட்ரில்: வழக்கமான விரல்வைப்பா, மாற்றுக் கீயா, சுருக்கிய அலங்காரமா?

சாக்ஸபோனில் ஸ்கேல்களைத் தடையின்றி வாசிக்கப் பழகிவிட்டவர்கள்கூட, இசைத்தாளில் ஒரு சுரத்தின் மேல் ‘டிஆர்’ என்ற இரண்டு எழுத்துகளும் அவற்றை ஒட்டி ஒரு நெளிகோடும் கொண்ட ட்ரில் குறி வந்ததும் திணறிப்போகிறார்கள். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இதுதான்: ஏற்கெனவே தெரிந்த விரல்வைப்பிலேயே வேகத்தைக் கூட்டிக்கொண்டு போவதா, ட்ரில்லுக்கென்றே கருவியில் இருக்கும் மாற்றுக் கீகளைப் புதிதாகக் கற்பதா, அல்லது இப்போதைக்கு அந்த இடத்தைச் சுருக்கி ஒரு சிறு அலங்காரமாக வாசித்துவிட்டுக் கடந்துபோவதா? மூன்றுக்கும் ஆதரவாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். மூன்றையும் பொதுவாக எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயல்வதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். எந்த இரண்டு சுரங்களுக்கு இடையில் ட்ரில் வருகிறது, அது முடிந்ததும் விரல்கள் எங்கே போக வேண்டும் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், பெரும்பாலான இடங்களில் விடை தானாகவே வந்துவிடும்.

ட்ரில் என்பது எழுதப்பட்ட சுரத்துக்கும் அதற்கு அடுத்த மேல் சுரத்துக்கும் இடையே வேகமாக மாறிமாறி வாசிப்பது. ஒரே சுரத்தின் சுருதியை அலைக்கும் விப்ராட்டோ வேறு; சுருதி வழுக்கிச் சென்று மீளும் கம்பிதம் போன்ற கமகமும் வேறு. ட்ரில்லில் இரண்டு சுரங்களும் படிக்கட்டின் இரண்டு படிகளைப் போலத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நடுவில் வேறு எதுவும் கேட்கக் கூடாது. இக்கட்டுரையில் வரும் சுரப்பெயர்கள் சாக்ஸபோன்காரர் தாளில் படிக்கும் பெயர்கள். ஆல்டோ ஈ ஃபிளாட்டிலும் டெனர் பி ஃபிளாட்டிலும் ஒலித்தாலும் விரல்வைப்பு ஒன்றே என்பதால், கீழே சொல்பவை எல்லா அளவுக் கருவிகளுக்கும் பொருந்தும்.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போக எத்தனை விரல்கள் நகர்கின்றன, எந்தத் திசையில் நகர்கின்றன என்பது. ஒரே விரல் மேலும் கீழும் போவது எளிது. இரண்டு விரல்கள் சேர்ந்து எழுந்து சேர்ந்து இறங்குவதும் பழகக்கூடியதே. ஒன்று எழும் அதே நொடியில் மற்றொன்று இறங்க வேண்டும் என்றால்தான் சிக்கல். அங்கே வேகத்தைக் கூட்டக் கூட்ட இரண்டும் ஒன்றையொன்று தவறவிடும். தவறவிட்ட இடைவெளியில் தாளில் இல்லாத மூன்றாவது சுரம் ஒன்று எட்டிப்பார்க்கும்.

இரண்டாவது, இரண்டு சுரங்களின் சுருதியும் ஒலித்தன்மையும். மூன்றாவது, ட்ரில்லுக்குள் நுழைவதும் அதிலிருந்து வெளியேறுவதும். பலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத அளவுகோல் இந்த மூன்றாவதுதான். ட்ரில்லை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு பழகினால் எல்லா வழிகளும் எளிதாகத்தான் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நான்கு சுரங்களைச் சேர்த்து வாசிக்கும்போதுதான் எந்த வழி உதவுகிறது, எது காலை வாருகிறது என்பது புலப்படும்.

நான்காவது, கருவியின் நிலைமை. இதற்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு போதும். மேல் ஆக்டேவில் (மேல் ஸ்தாயியில்) ஜி–ஏ ட்ரில் பார்வைக்கு மிக எளிது: இடது மோதிர விரல் ஒன்றுதான் நகர்கிறது. ஆனால் சாக்ஸபோனில் இரண்டு ஆக்டேவ் துளைகள் உண்டு. ஒன்று உடற்குழாயில், மற்றொன்று கழுத்துக் குழாயில். ஜி ஷார்ப்பும் அதற்குக் கீழும் முதல் துளை திறக்கிறது. ஏ முதல் மேலே இரண்டாவது துளை திறக்கிறது. அந்த மாற்றத்தை இயக்குவது அந்த மோதிர விரலேதான். ஆகவே ஒவ்வொரு முறை விரல் எழும்போதும் இறங்கும்போதும் அந்தத் துளைகளை மூடும் இரண்டு மெத்தைகளும், அதாவது ஆக்டேவ் பேட்களும், இடம் மாறிக்கொள்கின்றன. அந்த அமைப்பில் எண்ணெய் வறண்டிருந்தாலோ, கழுத்து சற்றே வளைந்திருந்தாலோ, ட்ரில் கரகரக்கும் அல்லது ஜி கீழ் ஆக்டேவுக்குச் சரிந்துவிடும். வாசிப்பவர் தன் விரலைக் குறைசொல்லிக்கொண்டு வாரக்கணக்கில் உழைப்பார். பிழை விரலில் இருக்காது.

ஐந்தாவது, கற்க ஆகும் காலம். இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அரங்கேற இன்னும் ஒரு வாரம் இருக்கிறதா, ஓராண்டு இருக்கிறதா என்பதே அது.

## வழி ஒன்று: வழக்கமான விரல்வைப்பு

இதன் பெரிய நன்மை, புதிதாக எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை என்பது. இரண்டு சுரங்களும் நீங்கள் நாள்தோறும் லாங் டோனில் (ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் பயிற்சியில்) கேட்டுச் சரிசெய்த அதே சுரங்கள். சுருதியும் ஒலித்தன்மையும் உறுதியாக இருக்கும். ட்ரில் முடிந்ததும் விரல்கள் ஏற்கெனவே இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

எஃப்–ஜி ட்ரில்லுக்கு வலது ஆள்காட்டி விரல் மட்டும் போதும். ஏ–பி ட்ரில்லுக்கு இடது நடுவிரல், டி–ஈ ட்ரில்லுக்கு வலது மோதிர விரல், எஃப் ஷார்ப்–ஜி ட்ரில்லுக்கு வலது நடுவிரல். நடு சி–சி ஷார்ப் ட்ரில்லில் நடுவிரலை எடுத்து எடுத்து வைத்தால் முடிந்தது. ஈ–எஃப் ஷார்ப் ட்ரில்லைப் பார்த்ததும் பலர் அஞ்சுவார்கள்; இரண்டு சுரங்களும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் ஈ வாசிக்கும்போது வலது ஆள்காட்டியும் நடுவிரலும் அழுத்தப்பட்டிருக்கின்றன. எஃப் ஷார்ப்புக்கு நடுவிரல் மட்டும் போதும். எனவே நடுவிரலை அப்படியே விட்டுவிட்டு ஆள்காட்டியை மட்டும் அசைத்தால் ட்ரில் வந்துவிடும். இந்த இடங்களில் மாற்றுக் கீயைத் தேடுவது வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைப் போன்றது.

இதே வழி முற்றிலும் கைவிடும் இடங்களும் உண்டு. பி–சி அவற்றில் முதன்மையானது. பி சுரத்துக்கு இடது ஆள்காட்டி மட்டும் அழுத்தியிருக்கும். சி சுரத்துக்கு நடுவிரல் மட்டும். ஒன்று எழும்போது மற்றது இறங்க வேண்டும். இரண்டும் ஒரு கணம் மேலே இருந்துவிட்டால் கருவி முழுத் திறப்பில் சி ஷார்ப்பை ஒலிக்கும். இரண்டும் ஒரு கணம் கீழே இருந்துவிட்டால் ஏ ஒலிக்கும். நான் பழகிய முதல் ஆண்டில், இந்த ட்ரில் எனக்கு நன்றாகவே வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து பாதி வேகத்தில் கேட்டபோது, ஒவ்வொரு பி–க்கும் சி–க்கும் நடுவே ஒரு சி ஷார்ப் சுண்டெலிபோல ஓடிக்கொண்டிருந்தது. முழு வேகத்தில் அது தனியாகக் கேட்கவில்லை. ட்ரில் ஏன் எப்போதும் சற்றுக் கலங்கலாக ஒலிக்கிறது என்ற ஐயமாக மட்டுமே என்னை எட்டியிருந்தது.

எஃப்–எஃப் ஷார்ப் ட்ரில்லிலும் அதே கதைதான். வலது ஆள்காட்டி எழும்போது நடுவிரல் இறங்க வேண்டும்; இரண்டும் மேலே நின்றால் ஜி, இரண்டும் கீழே நின்றால் ஈ. நடு சி–டி ட்ரில்லோ இவற்றையெல்லாம் தூக்கி அடித்துவிடும். சி சுரத்தில் ஒரே ஒரு விரல் அழுத்தியிருக்க, டி சுரத்துக்கு ஆறு விரல்களும் ஆக்டேவ் கீயும் தேவை. அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து விரல்களும் கட்டைவிரலும் ஒரே நேரத்தில் விழுந்து எழ வேண்டும்; காற்றுத் தூண் குட்டையிலிருந்து நெடியதாகவும் நெடியதிலிருந்து குட்டையாகவும் தாவ வேண்டும். எத்தனை ஆண்டு பழகினாலும் இதை ட்ரில் வேகத்தில் தூய்மையாக வாசிக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

வழக்கமான வழியின் மறைந்திருக்கும் செலவு இங்கேதான் இருக்கிறது. விரல்கள் எதிரெதிராக நகர வேண்டிய இடத்தில் உழைப்பைக் கொட்டினால் வேகம் வருவதற்கு முன் இறுக்கம் வந்துவிடும். மணிக்கட்டு விறைக்கும், விரல்கள் முத்துகளை (விரல்நுனி படும் கீயின் வட்டப் பரப்புகளை) விட்டு உயர எழும், தாடை ஊதுவாயில் அதிரும் பட்டையான ரீடைக் கடிக்கத் தொடங்கும். அந்த இறுக்கம் ட்ரில்லோடு நின்றுவிடாது. மற்றப் பத்திகளிலும் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பி–சி மாற்றத்தை மெதுவாக, தெளிவாக, எதிரெதிர் விரல்களில் வாசிக்கும் திறமை ட்ரில்லுக்கு உதவாவிட்டாலும் ஸ்கேல்களுக்கு இன்றியமையாதது. ஆகவே அதை நாள்தோறும் பழகுவதை யாரும் கைவிடக் கூடாது. ட்ரில் என்று வரும்போது மட்டும் வேறு கதவைத் தட்டலாம்.

## வழி இரண்டு: மாற்றுக் கீகள்

சாக்ஸபோனில் வலது கை ஆள்காட்டியின் பக்கவாட்டில் படும் சைடு கீகள், இடது உள்ளங்கையை ஒட்டியிருக்கும் பாம் கீகள், வலது மோதிர விரலுக்கு எட்டும் குரோமாட்டிக் எஃப் ஷார்ப் கீ, இடது ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் நடுவே உள்ள சிறிய பிஸ் கீ எனப் பல துணைக் கீகள் இருக்கின்றன. எதிரெதிர் விரல் அசைவை ஒற்றை விரல் அசைவாக மாற்றித் தருவதே ட்ரில்லில் இவற்றின் வேலை.

பி–சி ட்ரில்லுக்கு, பி சுரத்தை அழுத்தியபடியே சைடு சி கீயை வலது கையால் திறந்து மூடினால் போதும். இடது கை அசையவே அசையாது. பி சுரத்துக்கு வலது கை விரல்கள் தேவைப்படுவதில்லை என்பதால், வலது மணிக்கட்டைச் சற்றே சுழற்றி ஆள்காட்டியின் பக்கவாட்டால் அந்தக் கீயைத் தொட்டுத் தொட்டு எடுக்கலாம். தனி விரலைவிட மணிக்கட்டு சோர்வின்றி நெடுநேரம் உழைக்கும். நான் முன்பு சொன்ன சி ஷார்ப் சுண்டெலி, இந்த வழியில் பிறக்க வாய்ப்பே இல்லை. எஃப்–எஃப் ஷார்ப் ட்ரில்லுக்கும் அவ்வாறே: எஃப் சுரத்தை அழுத்திவைத்துக்கொண்டு மோதிர விரலால் குரோமாட்டிக் கீயை அசைக்க வேண்டும். இந்த இரண்டும் கீழ், மேல் ஆகிய இரு ஆக்டேவிலும் வேலை செய்யும்.

ஏ–பி ஃபிளாட் ட்ரில்தான் உண்மையில் யோசிக்க வைப்பது, ஏனென்றால் இங்கே இரண்டு நல்ல வழிகள் போட்டியிடுகின்றன. ஏ சுரத்தை அழுத்தியபடி சைடு பி ஃபிளாட் கீயை அசைப்பது ஒன்று. இடது ஆள்காட்டியைப் பி கீயின் மீதும் பிஸ் கீயின் மீதும் சேர்த்துப் படுக்க வைத்துவிட்டு, நடுவிரலை மட்டும் எடுத்து எடுத்து வைப்பது மற்றொன்று. நடுவிரல் கீழே இருக்கும்போது பிஸ் கீ அழுத்தியிருந்தாலும் ஏ சுரமே ஒலிக்கும். நடுவிரல் எழுந்தால் பி ஃபிளாட். ஒலியளவில் இரண்டுமே குறையில்லாதவை. வேகத்தில் பிஸ் வழி சற்று முந்தும், ஏனென்றால் நடுவிரல் அன்றாடம் செய்யும் வேலையைத்தான் அது கேட்கிறது. ஆனால் ட்ரில் முடிந்ததும் இயல்பான பி வந்தால், படுத்திருக்கும் ஆள்காட்டியைப் பிஸ் கீயிலிருந்து வழுக்கி விலக்க வேண்டும். அவசரத்தில் அது விலகாது, பி வர வேண்டிய இடத்தில் மறுபடியும் பி ஃபிளாட் வந்து நிற்கும். ஆகவே ஃபிளாட் ஸ்கேல்களில் எழுதப்பட்ட பாட்டில் பிஸ் வழியும், பி சுரம் அருகிலேயே காத்திருக்கும் இடத்தில் சைடு வழியும் ஏற்றவை.

ஜி ஷார்ப் கீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வலது கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களுள் ஏதாவது ஒன்று அழுத்தப்பட்டால், இடது சுண்டுவிரல் ஜி ஷார்ப்பை அழுத்திக்கொண்டிருந்தாலும் அந்தப் பேட் மூடியே இருக்கும்படி இன்றைய கருவிகளில் இணைப்பு இருக்கிறது. ஆகவே எஃப் ஷார்ப்–ஜி ஷார்ப் ட்ரில்லில் சுண்டுவிரலை ஆட்டவே தேவையில்லை. அதை அழுத்திவைத்துவிட்டு வலது நடுவிரலை மட்டும் அசைத்தால் போதும். ஜி ஷார்ப்–ஏ ட்ரில்லிலும் சுண்டுவிரலை அப்படியே விட்டுவிட்டு மோதிர விரலை மட்டும் அசைக்கலாம். ஜி ஷார்ப்–ஏ ஷார்ப் ட்ரில்லுக்குப் பிஸ் கீயையும் ஜி ஷார்ப் கீயையும் பிடித்துக்கொண்டு, நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து அசைக்க வேண்டும். இரண்டு விரல்கள் என்றாலும் ஒரே திசை என்பதால் பழகிவிடும். ஜி–ஜி ஷார்ப் ட்ரில்லில் மட்டும் சுண்டுவிரலுக்கு விடுதலை இல்லை. கையிலேயே வலிமை குறைந்த விரலும், பெரும்பாலும் இறுக்கமான ஸ்பிரிங்கும் சேர்ந்து வரும் இடம் அது.

நடு சி–டி ட்ரில்லுக்கு விடை, சி சுரத்தை அழுத்தியபடி, ஆக்டேவ் கீயைத் தொடாமல், பாம் டி கீயை இடது ஆள்காட்டியின் அடிப்பகுதியால் தட்டுவது. சி ஷார்ப்–டி ட்ரில்லுக்கும் இதுவே: எல்லா விரல்களும் திறந்திருக்க, பாம் டி மட்டும் அசையும். ஐந்து விரல்களும் கட்டைவிரலும் செய்ய வேண்டியதை ஒரு மெல்லிய கை அசைவு செய்து முடிக்கிறது. மேல் ஈ–எஃப் ட்ரில்லுக்கும் இதையொத்த ஒரு சலுகை உண்டு. முன் எஃப் கீயை ஆள்காட்டியால் பிடித்து நடுவிரலையும் மோதிர விரலையும் வைத்தால் ஈ. மோதிர விரலை எடுத்தால் எஃப். பாம் கீகளில் கையைக் கோணலாக்கிக்கொண்டு திண்டாடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

இனி செலவுகள். பாம் டி கீயால் வரும் நடு டி, ஆறு விரல்களால் வரும் டி சுரத்தின் அடர்த்தியைக் கொண்டிருக்காது. மெலிந்தும் திறந்தும் கேட்கும். வேகத்தில் இது மறைந்துவிடும். ஆனால் மெல்ல ஆரம்பித்துப் படிப்படியாக வேகமெடுக்கும் ட்ரில்லை வாசித்தால் முதல் இரண்டு மூன்று டி சுரங்களும் வேறு கருவியிலிருந்து வந்தவைபோல் தனித்து நிற்கும். அங்கே முதல் சில சுற்றுகளை வழக்கமான விரல்வைப்பில் தொடங்கி, வேகம் கூடும்போது பாம் கீக்கு மாறுகிறவர்களும் உண்டு. அந்த மாற்றத்தையே தனியாகப் பழக வேண்டியிருக்கும்.

அடுத்தது சத்தம். சைடு கீகளின் தண்டுகள் நீளமானவை. அவற்றின் அடியில் ஒட்டியிருக்கும் கார்க் தேய்ந்துவிட்டால் ஒவ்வொரு தொடுகைக்கும் உலோகம் உலோகத்தில் படும் ‘டக்’ கேட்கும். ஒரு சுரத்துக்குப் பொருட்படுத்தாமல் விடலாம். நொடிக்கு நான்கு முறை அடிக்கும்போது மெல்லிய பத்தியில் அது பக்கத்து நாற்காலிக்கே கேட்கும். கார்க்கை மாற்றுவது சிறிய வேலைதான், ஆனால் மாற்றுக் கீகளைப் பழகத் தொடங்கும்வரை அது தேய்ந்திருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது செலவு வெளியேறும் இடத்தில் வருகிறது. சைடு சி கீயில் இருக்கும் வலது கை, அடுத்து எஃப் சுரமோ ஈ சுரமோ வந்தால் உடனே முத்துகளுக்குத் திரும்ப வேண்டும். ட்ரில்லின் போது வலது விரல்கள் விரிந்து காற்றில் நிற்கப் பழகிவிட்டால், திரும்பும் வேளையில் அவை தாமதமாகவே வந்துசேரும். வலது கட்டைவிரல் தன் கொக்கியை விட்டு நகராமலும், மற்ற விரல்கள் முத்துகளுக்கு மேலேயே மிதந்தபடியும் இருக்குமாறு ஆரம்பத்திலேயே பழகிக்கொண்டால் இந்தச் செலவு பெரிதும் குறையும்.

| ட்ரில் | வழக்கமான வழியில் அசைபவை | மாற்று வழியில் அசைபவை | என் தேர்வு |
|---|---|---|---|
| எஃப்–ஜி | வலது ஆள்காட்டி | தேவையில்லை | வழக்கம் |
| ஈ–எஃப் ஷார்ப் | வலது ஆள்காட்டி | தேவையில்லை | வழக்கம் |
| எஃப்–எஃப் ஷார்ப் | வலது ஆள்காட்டியும் நடுவிரலும் எதிரெதிராக | குரோமாட்டிக் கீயில் வலது மோதிர விரல் | மாற்று |
| எஃப் ஷார்ப்–ஜி ஷார்ப் | வலது நடுவிரலும் இடது சுண்டுவிரலும் எதிரெதிராக | வலது நடுவிரல் மட்டும், ஜி ஷார்ப் அழுத்தியபடி | மாற்று |
| ஜி–ஜி ஷார்ப் | இடது சுண்டுவிரல் | இல்லை | வழக்கம், பொறுமையுடன் |
| ஏ–பி ஃபிளாட் | சைடு பி ஃபிளாட் கீ | நடுவிரல், பிஸ் கீ அழுத்தியபடி | அடுத்த சுரத்தைப் பொறுத்து |
| பி–சி | இடது ஆள்காட்டியும் நடுவிரலும் எதிரெதிராக | சைடு சி கீ | மாற்று |
| நடு சி–டி | ஐந்து விரல்களும் கட்டைவிரலும் | பாம் டி கீ, ஆக்டேவ் இல்லாமல் | மாற்று மட்டுமே |
| மேல் ஈ–எஃப் | பாம் எஃப் கீ | முன் எஃப் விரல்வைப்பில் இடது மோதிர விரல் | மாற்று |

## வழி மூன்று: சுருக்கிய அலங்காரம்

ட்ரில்லை முழுமையாக வாசிக்காமல், முக்கியச் சுரம், மேல் சுரம், மீண்டும் முக்கியச் சுரம் என்று ஒரே ஒரு சுற்றில் முடித்துவிட்டு மீதி நேரத்தை நீட்டிப் பிடிப்பதே இவ்வழி. இன்னொரு வகை, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது: நெளிகோட்டை மனம்போன வேகத்தில் வாசிக்காமல், ஒரு தட்டுக்கு நான்கு அல்லது ஆறு சுரங்கள் என்று கணக்கிட்டு வாசிப்பது.

இதைத் தோல்வியாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. குறுகிய சுரத்தின் மேல் வேகமான பாட்டில் ட்ரில் வந்தால், ஒரு சுற்றுக்கு மேல் அதில் இடமே இருக்காது. அங்கே கேட்பவர் காதில் ட்ரில்லும் ஒரு சுற்று அலங்காரமும் ஒன்றேதான். குழுவாக வாசிக்கும்போது கணக்கிட்ட ட்ரில் இன்னும் பயன் தரும்: நால்வர் நான்கு வேகத்தில் நடுக்கினால் இரைச்சல்தான் மிஞ்சும், ஒரே கணக்கில் வாசித்தால் ஒரே குரலாக மின்னும்.

இதன் செலவு நீண்ட சுரங்களில் தெரியும். நான்கு தட்டு நீளும் ட்ரில்லை ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டால், இசை எழுதியவர் அங்கே எதிர்பார்த்த பதற்றம் வடிந்துவிடும். பின்னணி வாத்தியங்கள் அந்த ட்ரில்லை நம்பி மெல்லக் குறைந்திருந்தால் அந்த வெறுமை இன்னும் பளிச்சென்று தெரியும். கணக்கிட்ட ட்ரில்லுக்கோ, பழகப் பழகப் பயிற்சிப் பாடம்போல் ஒலிக்கத் தொடங்கும் ஆபத்து உண்டு.

சுருக்குவதைத் தவிர வேறு வழியே இல்லாத இடங்களும் கருவியில் உள்ளன. கீழ்க்கோடியில் பி ஃபிளாட்–பி, பி–சி ஷார்ப் ஆகிய இரண்டிலும் ஒரே இடது சுண்டுவிரல் இரண்டு கீகளுக்கு இடையே உருண்டுபோக வேண்டும். விரல் வழுக்கிச் செல்ல அந்தக் கீகளில் பொருத்திய உருளைகள் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அதை ட்ரில் என்று சொல்லும் வேகத்துக்குக் கொண்டுவர முடியாது. அருகிலுள்ள கீழ் பி–சி ட்ரில்லோ, வலது சுண்டுவிரலால் சி கீயைப் பிடித்துக்கொண்டு இடது சுண்டுவிரலை மட்டும் அசைத்தால் வந்துவிடும். அரைத் தொனிதானே, அதுவும் கீழ்க்கோடியில்தானே என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து ஒதுக்கிவிடக் கூடாது.

## பழகும் முறையிலும் ஒரு தேர்வு இருக்கிறது

விரல்வழி முடிவானதும் அதை வேகத்துக்குக் கொண்டுவர இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. தாளத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை 60–இல் (நிமிடத்துக்கு 60 தட்டுகள்) வைத்து, தட்டுக்கு நான்கு சுரங்களாகத் தொடங்கி, தூய்மையாக வந்த பிறகு மெட்ரோனோம் எண்ணை நான்கு நான்காக ஏற்றிக்கொண்டு போவது ஒன்று. 60–இல் தட்டுக்கு எட்டுச் சுரங்கள் என்றால் நொடிக்கு நான்கு முழுச் சுற்றுகள். அந்த நிலையை எட்டிவிட்டால் காது அதை ட்ரில்லாகவே ஏற்றுக்கொள்ளும். 120–இல் தட்டுக்கு நான்கு என்பதும் அதே வேகம்தான்.

மற்றொரு முறை, தொடக்கத்திலிருந்தே முழு வேகத்தில், ஆனால் மூன்று சுரங்கள் மட்டும் வாசித்து நின்றுவிடுவது. பி, சி, பி, நிறுத்தம். கை தளர்ந்ததும் மீண்டும் மூன்று. அது தூய்மையானதும் ஐந்து, பிறகு ஏழு, ஒன்பது. ஒற்றைப்படை எண்ணில் முடிப்பதால் எப்போதும் முக்கியச் சுரத்திலேயே வந்து இறங்கலாம்.

ஏணிபோல் ஏறும் முதல் முறையில் பிழைகள் ஒளிய இடமில்லை. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் விரல், மெல்ல வாசிக்கும் அசைவையே வேகமாகச் செய்ய முயன்று இறுகிப்போகும். மெதுவான வாசிப்பில் விரலை அழுத்தி வைக்கிறோம். ட்ரில்லில் அது துள்ள வேண்டும். இரண்டும் வேறு வேறு அசைவுகள். துண்டு துண்டாக வாசிக்கும் இரண்டாம் முறை அந்தத் துள்ளலை முதல் நாளே கற்றுத்தருகிறது, ஆனால் கலங்கலான ஒலியையும் சேர்த்தே பழக்கிவிடக்கூடும். எதிரெதிர் விரல்கள் இருக்கும் ட்ரில்லுக்கு ஏணியும், ஒற்றை விரல் ட்ரில்லுக்குத் துண்டுமுறையும் ஏற்றவை என்பதே என் அனுபவம். எதைத் தேர்ந்தாலும் நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே ட்ரில்லோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. சோர்ந்த விரல் சோர்வைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும்.

இரண்டு முறைக்கும் பொதுவான ஒரு சோதனை உண்டு. முக்கியச் சுரத்தை நான்கு தட்டுகளுக்கு லாங் டோனாகப் பிடித்து, நாக்கைப் பயன்படுத்தாமல் அப்படியே ட்ரில்லுக்குள் நுழையுங்கள். ட்ரில் தொடங்கியதும் ஒலி சுருங்கினால், விரல்களைக் கவனிக்கும் அவசரத்தில் காற்றைக் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள். ட்ரில் சீரற்று வருகிறது என்று விரலைத் திட்டிக்கொள்ளும் பலருக்கு, உண்மையில் குறைவது வயிற்றிலிருந்து வரும் காற்றுத்தான்.

## யாருக்கு எது

ஓராண்டுக்குள் பழகியவர்கள் ஒற்றை விரல் ட்ரில்களை வழக்கமான விரல்வைப்பில் முதலில் முடித்துவிட்டு, மாற்றுக் கீகளில் சைடு சி, சைடு பி ஃபிளாட், குரோமாட்டிக் எஃப் ஷார்ப் ஆகிய மூன்றை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். கைக்கு வரும் பெரும்பாலான பாட்டுகள் அதற்குள் அடங்கிவிடும். பாம் டி வழி, இரண்டாம் கட்டத்தில் வரலாம்.

அடுத்த வாரம் மேடை ஏற வேண்டியவர், கைக்கு வராத எதிரெதிர் ட்ரில்லைச் சுருக்கி வாசிப்பதே நல்லது. மாற்றுக் கீயை ஒரு வாரத்தில் தனியாக வாசிக்கப் பழகிவிடலாம். ஆனால் பதற்றத்தில் கை பழைய வழிக்கே ஓடும். புது வழிக்குப் பாதியும் பழைய வழிக்குப் பாதியுமாக விரல்கள் பிரிந்துவிட்டால் கிடைப்பது இரண்டும் அல்ல.

பழைய கருவி வைத்திருப்பவர்கள் மாற்றுக் கீகளை நம்புவதற்கு முன், ஒவ்வொரு துணைக் கீயையும் தனித்தனியாகத் திறந்து மூடிச் சுருதியையும் சத்தத்தையும் கேட்டுப் பார்ப்பது நலம். சைடு கீயின் பேட் உரிய அளவு உயரவில்லை என்றால் மேல் சுரம் தாழ்ந்து ஒலிக்கும். அரைத் தொனி ட்ரில் வெறும் நடுக்கமாகச் சுருங்கிவிடும்.

பெரும்பாலான நீண்ட ட்ரில்களுக்கு முடிவில் ஒரு சிறு வால் உண்டு: முக்கியச் சுரத்துக்குக் கீழே உள்ள சுரத்தைத் தொட்டு, முக்கியச் சுரத்துக்குத் திரும்பி, பிறகு அடுத்த சுரத்தில் இறங்குவது. பி–சி ட்ரில்லில் அந்த வால் ஏ, பி; இறங்கும் சுரம் பெரும்பாலும் சி. இங்கே வலது கை சைடு கீயை விட்டுவிட, இடது நடுவிரல் ஏ சுரத்துக்காக இறங்கி, பி சுரத்துக்காக எழுந்து, மீண்டும் சி சுரத்துக்காக இறங்க, அந்தக் கடைசி நொடியில் ஆள்காட்டி எழ வேண்டும். அந்தச் சி நீண்டு நிற்கும் என்றால் அதை வழக்கமான விரல்வைப்பில்தான் வாசிக்க வேண்டும். உடனே கடந்துபோகும் என்றால் சைடு சி–யிலேயே தங்கிவிடலாம். இதை மேடையில் முடிவுசெய்ய நேரமிருக்காது. தாளில் அந்த இடத்தின் மேல் பென்சிலால் ‘சைடு’ என்றும், வாலுக்குப் பின் வரும் சி–யின் மேல் ‘நடு’ என்றும் எழுதிவைத்துவிட்டு, ட்ரில்லை விட்டுவிட்டு அந்த மூன்று சுரங்களை மட்டும் இருபது முறை வாசித்துப் பாருங்கள்.